பழங்காநத்தத்தில் பதிவான பன்னிரண்டாவது பாட்டு

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். பாடகி மதாம் ஒதில். அக்கார்டியன் வாசித்த சுப்புராமன். அவருடைய மனைவி சாரதா அக்கா, அடுக்களை வாசலில். ஒலிப்பதிவுக்காரர் மிஷேல், காதில் ஹெட்போனோடு தரையில். வாடகைக் கார் டிரைவர் அழகர், சத்தம் போடுகிறவர்களை அடக்குவதற்காகத் தெருக்கதவில். ஆறாவது ஆள் நான். மதாமுக்குச் சமைத்து, கார் ஓட்டி, வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவன்.

ரிக்கார்டு அட்டையின் பின்பக்கம் மூன்று பெயர்களை அச்சடித்திருக்கிறார்கள். முக்கியமான ஒரு பெயர் விட்டுப் போயிற்று. என் பெயரைச் சொல்லவில்லை. அந்த ரிக்கார்டில் கடைசியாகக் கேட்கிற குரல் மதாமுடையது இல்லை. அந்தக் குரலுக்கு உரியவர் பெயர் அட்டையில் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் காரைக்காலில் ஆறாம் வகுப்போடு நின்றவன். கேஸ் அடுப்பை அணைத்தேனா இல்லையா என்று பாதி வழியில் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு ஓடியவன். தப்பாக எழுதிவிடுவேனோ என்று இந்த நாலு வரியையே மூன்று தடவை அடித்து எழுதியிருக்கிறேன்.

மதாம் ஒதிலுக்கு அப்போது எழுபத்தோரு வயது. ஒரு காலத்தில் பாரிஸில் அவர் பாடுகிற கொட்டகைக்கு வெளியே டிக்கெட் கிடைக்காதவர்கள் மழையில் நின்று கேட்டார்களாம். நான் வேலைக்குச் சேர்ந்த சமயம் அவர் முதியோர் விடுதிகளில் பாடிக்கொண்டிருந்தார். ரிக்கார்டுக் கம்பெனிக்காரர்கள் சிலர் பழைய மரியாதைக்காக, கடைசியாக ஒரு ரிக்கார்டு போடலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். பன்னிரண்டு பாட்டு. பதினொன்று நன்றாக வந்துவிட்டது. பன்னிரண்டாவது விடைபெறுகிற பாட்டு. அதன் கடைசி வரி, ‘நான் போகிறேன்’ என்று மூன்று முறை வரும். மூன்றாவது முறை நீட்டிப் பாட வேண்டும். அங்கே போய் மதாமுக்கு மூச்சு நின்றுவிடும். எத்தனையோ நாள் முயற்சி செய்தார்கள். வாசலில் காரோடு காத்திருக்கிற எனக்கு, அவர் படியிறங்குகிற விதத்திலேயே தெரிந்துவிடும், இன்றைக்கும் வரவில்லை என்று.

பதினொன்றே போதும் என்றது கம்பெனி. மதாம் கேட்கவில்லை. விடைபெறாமல் எழுந்து போகிறவள் நான் இல்லை என்றார். சைகோனில் தன்னோடு வாசித்த சூப்பூ வந்தால் பாடிவிடுவேன் என்றார். யார் இந்தச் சூப்பூ என்று எல்லோரும் முழித்தோம். சின்ன வயதில், பெயர் வராத காலத்தில், சைகோனில் ஒரு ஓட்டலில் பாடினாராம். துணிக்கடையில் வேலை பார்த்த ஒரு மதுரைக்காரர் சாயங்காலமானால் வந்து அக்கார்டியன் வாசிப்பாராம். மதாமுக்கு மூச்சு அறுந்துபோகிற இடத்தில் அவர் துருத்தியை மெல்ல இழுத்து அந்தச் சுரத்தைத் தாங்கிக்கொள்வாராம். கேட்கிறவர்களுக்குக் குரல் எங்கே நின்றது, பெட்டி எங்கே தொடங்கியது என்று தெரியாது. அந்தச் சூப்பூதான் சுப்புராமன். விசாரித்ததில் உயிரோடு, பழங்காநத்தத்தில், இன்னும் பெட்டியோடு இருக்கிறார் என்று தெரிந்தது. எங்களைத் தன் வீட்டுக்கே வரச் சொல்லியிருந்தார்.

மதுரை ஜங்ஷனில் இறங்கியதும் நான் செய்த முதல் வேலை இடுப்பைத் தொட்டுப் பார்த்தது. எங்கள் மூன்று பேர் பாஸ்போர்ட்டும் அங்கே துணிப்பையில் பத்திரமாக இருந்தன. பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற காரைக்கால்காரனுக்கு மதுரை வெளிநாடுதான். முகத்தைப் பார்த்தால் யாரும் நம்புவதில்லை. குதிரைவண்டிக்காரர் ஒருவர், துரைசாணியம்மாவை எந்தக் கோயிலுக்குக் கூட்டிப் போகிறாய், எனக்கு எவ்வளவு கமிஷன் தருவாய் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

லாட்ஜுக்குப் பக்கத்து ஓட்டலில் இட்லி சாப்பிட்டோம். காரைக்காலில் இட்லிக்கு ஒரு சட்னி வைப்பதே உபசாரம். இங்கே நாலு நிறத்தில் வைத்தார்கள். பாரிஸில் இரண்டாவது ரொட்டிக்கூடைக்குப் பரிசாரகர் முகத்தைப் பார்க்க வேண்டும். இங்கே வேண்டாம் என்று கையால் இலையை மறைத்தால்தான் நிறுத்துகிறார்கள். மதாம் நிறுத்தத் தெரியாமல் ஆறு இட்லி சாப்பிட்டார். சர்க்கரை ஏறிவிடுமே என்று எனக்கு இட்லி இறங்கவில்லை.

கார் பிடித்தேன். டிரைவர் பெயர் அழகர். செக்கானூரணிப் பக்கம் நிலம் நீச்சு உள்ள குடும்பம். கிணறு வற்றிப்போய், தம்பிகளிடம் வயலை விட்டுவிட்டு அம்பாசிடர் வாங்கியதாகச் சொன்னார். எதிரே பஸ் வந்தால் இவர் என்னைத் திரும்பிப் பார்த்துப் பேசுவார். ரோட்டைப் பாருங்கள் என்று கெஞ்சினேன்.

“ரோடு எங்கண்ணே ஓடிப்போகுது? நான் பொறந்ததுலருந்து அங்கனயேதான் கெடக்கு.”

அன்று ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டு, சாயங்காலம் எங்களை லாட்ஜில் இறக்கிய அழகர், மதாமைப் பார்த்துக் கும்பிட்டு “வாரேம்மா” என்றார். என்ன சொல்கிறார் என்று மதாம் கேட்டார். நான் மிஷேலின் ஒலிப்பதிவுப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ‘வருகிறேன்’ என்கிறார் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். வெந்நீர் வைத்து, கொசுவலை கட்டி, ஜன்னல் கொக்கிகளைச் சரிபார்த்து இறங்கி வந்தால், மதாம் லாட்ஜ் வராந்தாவில் கைப்பையை மடியில் வைத்து, தொப்பி போட்டு, விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். இருட்டிவிட்டது. என்ன மதாம் என்றேன். கார்க்காரர் வருகிறேன் என்றாரே, காத்திருக்கிறேன் என்றார்.

அவர் வீட்டுக்குப் போய்விட்டார் என்றேன். பிறகு ஏன் வருகிறேன் என்று சொன்னார் என்று கேட்டார். போகிறேன் என்று சொன்னால் நன்றாக இருக்காது, அதனால் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம் என்றேன். அப்படியானால் பொய் சொன்னாரா? பொய் இல்லை மதாம், நாளைக்கு வருவார். அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். இத்தனை வருடமாக வாயில் இருக்கிற வார்த்தைக்கு நான் அதற்கு முன் யாருக்கும் விளக்கம் சொன்னதில்லை.

மறுநாள் பழங்காநத்தம். ஒருபக்கம் சைக்கிள் கடை, ஒருபக்கம் மாவு மில், நடுவில் எங்கள் கார். தெரு குறுகிக்கொண்டே போய், கடைசியில் ஒரு எருமைக்கு வழிவிட முடியாமல் நின்றோம். மிச்சத்தை நடந்தோம். மதாம் எங்கேயும் தடுக்கி விழக்கூடாதே என்று நான் அவருக்கு முன்னால் குனிந்தபடியே கல் பொறுக்கிக்கொண்டு போனதை மிஷேல் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்.

சுப்புராமன் வாசலில் நின்றார். சௌராஷ்டிரக் குடும்பம். ஒல்லியான மனிதர், இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை. மெல்லிசைக் குழுவோடு ஊர் ஊராகப் போய் வாசிக்கிறார். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு. “ஒதில்” என்றார். முன்னால் ‘மதாம்’ என்று கூடச் சேர்க்கவில்லை, வெறும் ஒதில். மதாம் “சூப்பூ” என்றார். அவ்வளவுதான். இரண்டு பேரும் அழுவார்கள் என்று கைக்குட்டையோடு தயாராக இருந்தேன். தேவைப்படவில்லை. சுப்புராமனுக்கு இப்போது நினைவிருக்கிற பிரெஞ்சு முழுக்க ஓட்டல் பிரெஞ்சு. பனிக்கட்டி, கணக்கு, நாளை பார்க்கலாம். அதை வைத்தே அரைமணி நேரம் பேசினார்கள்.

சாரதா அக்கா வெள்ளிக்கிழமைக்கு மெழுகிய வாசலில் கோலம் போட்டு, கூடத்தில் விளக்கேற்றி வைத்திருந்தார். கணவரும் மனைவியும் தங்களுக்குள் அவர்கள் வீட்டு மொழியில் பேசிக்கொண்டார்கள். பாதி தமிழ் போலவும் பாதி எனக்குப் பிடிபடாததாகவும் இருந்தது. என்னைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்று சந்தேகம். பிறகு தெரிந்தது, உப்பு குறைவாகப் போடலாமா என்று கேட்டுக்கொண்டார்களாம். புளியோதரை போட்டார்கள். நல்லெண்ணெய் மிதக்க, ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக, இரண்டு நாள் வைத்தாலும் கெடாத மாதிரி. மதாம் விரலை நக்கினார். நான் ஐந்து வருடம் சமைத்துப் போட்டு அப்படி ஒருநாளும் நக்கியதில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு பெட்டியை எடுத்தார் சுப்புராமன். சிவப்பு அக்கார்டியன், மூலையில் தகரம் வைத்து ஒட்டியிருந்தது. மதாம் பாட்டை மெல்லச் சொல்லிக் கொடுக்க, இவர் விரலால் தேடித் தேடி வந்தார். அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சாரதா அக்கா, ரொம்ப உருக்கமாக இருக்கிறதே, அர்த்தம் என்ன என்று என்னிடம் கேட்டார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? பூ, மழை, நிலா என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். நான் நேரே, கடைசியில் மூன்று தடவை ‘நான் போறேன்’ என்று பாடுகிறார் அக்கா என்றேன்.

சாரதா அக்காவின் முகம் மாறியது. வந்த அன்றைக்கே போகிறேன் என்றா பாடுவது என்று கேட்டார். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார்:

“தம்பி, இவுக சைகோனுக்குக் கப்பல் ஏறையில எங்க வாசல்ல நின்னு அந்த ஒத்த வார்த்தையத்தான் சொல்லிட்டுப் போனாக. போறேன்னு. நான் அப்ப இவுகளுக்குன்னு பேசி வச்ச பொண்ணு. திரும்பி வர எட்டு வருசம் ஆச்சு. அந்தம்மா பாடட்டும், எம்புட்டு வேணும்னாலும் பாடட்டும். இந்த வீட்ல வேணாம்.”

சுப்புராமன் பெட்டியின் வாரைக் கழற்றினார். சின்ன சத்தம்தான், துருத்தி மூடுகிற சத்தம். எங்களிடம், வெளியே எங்கேயாவது இடம் பாருங்கள், எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன் என்றார்.

காரில் திரும்பும்போது மதாம் என்ன நடந்தது என்று கேட்டார். பக்கத்து வீட்டுத் தறிச்சத்தம் என்று சொல்லிப் பார்த்தேன். எனக்குப் பொய் வராது, காது சிவந்துவிடும். முழுக்கச் சொல்லிவிட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். லாட்ஜ் வாசலில் இறங்கியதும் என் பக்கம் திரும்பினார். எட்டு வருடமா? ஒருத்தி காத்திருக்கிறாள் என்று அவர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லையே என்றார்.

எனக்கு அன்றிலிருந்து இரட்டைக் கவலை. பாட்டு பதிவாக வேண்டும்; இவருடைய மூச்சோ நாளுக்கு நாள் குறைகிறது. லாட்ஜ் மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று, சுவரில் இருக்கிற காலண்டரைப் படிப்பது போலப் பாவனை செய்கிறார். தமிழ்க் காலண்டர்.

அடுத்த நாள் அதிகாலையில் வண்டியூர் தெப்பக்குளம் போனோம். அழகருடைய யோசனை. அமைதியாக இருக்கும் என்றார். குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. உள்ளே இறங்கிப் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மதாமுக்கு ஒரே ஆச்சரியம்; இவ்வளவு அழகாகப் படி கட்டி, நடுவில் மண்டபம் கட்டி, விளையாட விட்டிருக்கிறீர்களே என்றார். திருவிழாவுக்குத் தண்ணீர் விடுவார்கள், தெப்பம் ஓடும் என்றேன். மிஷேல் மைக்கை நிறுத்தியதுதான் தாமதம், எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாது, ஐம்பது பேர். எந்தப் படம், யார் டைரக்டர் என்று கேள்வி. கையில் பால்செம்போடு ஒரு பெரியவர் மதாமை மேலும் கீழும் பார்த்துவிட்டு அழகரிடம் கேட்டார்:

“ஏம்ப்பா, இது கதாநாயகியோட அம்மாவா? கதாநாயகி எப்ப வரும்?”

என்ன சொல்கிறார் என்று மதாம் கேட்டார். உங்கள் உடல்நலம் விசாரிக்கிறார் என்றேன். காது சிவந்தது. மதாம் பெரியவருக்கு நன்றி சொன்னார். அன்று பதிவானது முழுக்க ஒரு வடைக்காரர் குரல். சுத்தமாக, தெளிவாக, சுருதியோடு.

அந்தச் சோகத்தில் மிஷேல் ராத்திரி பரோட்டாக் கடைக்குப் போய்விட்டார். சால்னாவை சூப் என்று நினைத்து ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்திருக்கிறார். முகம் தக்காளியாகி, அணைப்பதற்கு ஜிகர்தண்டா இரண்டு கிளாஸ். எந்தத் தண்ணீரில் செய்த ஐஸோ என்று நான் விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். நான் பயந்ததுதான் நடந்தது. அடுத்த நாள் முழுக்க அவர் குளியலறையை விட்டு வரவில்லை. அழகர் இளநீர் நாலு வெட்டிக்கொண்டு வந்து கதவைத் தட்டி, “மாப்ள, கொஞ்சமா வாயத் தொறங்க” என்று தமிழிலேயே வைத்தியம் பார்த்தார். அதிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் மாப்ள, மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். மிஷேல் அதை அழகரின் செல்லப்பெயர் என்று நினைத்துவிட்டார்.

ஒருநாள் வீண். நாங்கள் ஊர் திரும்ப இனி இரண்டு நாள்தான் இருந்தது. அழகருடைய தங்கையைத் திருவாதவூரில் கட்டிக் கொடுத்திருக்கிறது; வயல் நடுவில் மோட்டார் ரூம், ஈ காக்கை இருக்காது, அங்கே போவோம் என்றார். சுப்புராமனையும் பெட்டியையும் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டோம். ஊர் தாண்டியதும் டயர் வெடித்தது. ஸ்டெப்னியும் காற்றில்லாமல் சப்பையாக இருந்தது. அழகர் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வந்த லாரியில் ஏறிப் போய்விட்டார். நாங்கள் புளியமர நிழலில். நான் குடை பிடித்தேன். சுப்புராமன் புளியம்பிஞ்சைத் தட்டிப் போட்டார். மதாம் ஒன்றைக் கடித்து, கண்ணை மூடி, இது சைகோன் என்றார். சுப்புராமன், சைகோன் இல்லை, இதுதான் முதலில், அப்புறம்தான் சைகோன் என்று பாதித் தமிழும் பாதி பிரெஞ்சுமாகச் சண்டை போட்டார்.

திருவாதவூரில் அழகர் சொன்னபடி ஈ காக்கை இல்லை. அதற்குப் பதிலாக அவர் தங்கை வீட்டுக்கு எதிர் வீட்டில் காதுகுத்து. நாலு குழாய் ஒலிபெருக்கி, நாலும் நாலு திசையைப் பார்த்து. வயல் வரைக்கும் கேட்டது. நிறுத்தச் சொல்லலாமா என்று அழகர் வேட்டியை மடித்துக் கட்டினார். சுப்புராமன் தடுத்துவிட்டார். அவர்கள் வீட்டு விசேஷத்தில் நாம் போய் நிறுத்துவது நியாயமில்லை என்றார். வருடம் முழுக்க அந்த மாதிரி வீடுகளில்தான் அவருக்கும் சம்பாத்தியம்.

ஆக அங்கேயும் பதிவு இல்லை. அழகர் தங்கை வீட்டு முற்றத்தில் கயிற்றுக்கட்டில் போட்டு உட்கார வைத்து, மோர் கொடுத்தார்கள். தெருப் பெண்கள் பாதிப்பேர் மதாமைப் பார்க்க வந்துவிட்டார்கள். அவருடைய வெள்ளை முடியைத் தொட்டுப் பார்த்தார்கள், பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார்கள், இல்லை என்றதும் பேச்சை மாற்றி மோரை ஊற்றினார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து, “வாரேம்மா”, “அப்ப வாரேன்” என்று கலைந்தார்கள். இவ்வளவு பேர் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போவதை மதாம் ஒரு வேடிக்கை போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் புறப்படுகிற நேரம். மதாம் எழுந்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முற்றத்தின் நடுவில் நின்று, மேடையில் நிற்கிறவர் போல முதுகை நிமிர்த்தி, “வாரேன்” என்றார். சொல்லவில்லை, அந்த ‘வா’வை அப்படியே இழுத்துவிட்டார். காதுகுத்து வீட்டு ஒலிபெருக்கிக்கு மேலே போயிற்று. காரில் பெட்டியை வைத்துக்கொண்டிருந்த சுப்புராமன் கையை அப்படியே நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். முற்றத்தில் மிச்சமிருந்த அத்தனை பெண்களும் ஒரே குரலில் “வாங்க” என்றார்கள்.

நான் மாத்திரைப்பையைத் திறந்தேன், மூச்சு வாங்குவார் என்று. வாங்கவில்லை.

திரும்புகிற வழியெல்லாம் அவர் அந்த வார்த்தையை வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்தார். பிறகு எனக்கு விளக்கினார். பிரெஞ்சில் ‘போகிறேன்’ என்கிற வரி, கீழுதட்டைப் பல்லால் தொட்டு, ‘வே’ என்று வாய் பாதி மூடினபடி முடிகிறது. வயதான தொண்டையில் அங்கே காற்றுப் போக வழியில்லை. உங்கள் வார்த்தையில் வாய் திறக்கிறது என்றார். ‘வா’ என்று சொல்லிப் பார், நெஞ்சுக்கூடே திறக்கிறது. நான் காரிலேயே சொல்லிப் பார்த்தேன். அழகர், “என்னண்ணே, யாரக் கூப்பிடுறீக?” என்றார்.

மதாம் என் தோளைத் தொட்டு, சூப்பூவின் மனைவியிடம் நாளைக்கு ஒன்று கேட்க வேண்டும், சரியாக மொழிபெயர், இந்தத் தடவை பயந்து எதையும் மாற்றாதே என்றார்.

மறுநாள் சாரதா அக்கா முன்னால் நின்று மதாம் சொன்னதையெல்லாம் நான் அப்படியே சொன்னேன். முதல் இரண்டு தடவை பிரெஞ்சில்தான் வரும். அது பாட்டை எழுதினவர் வார்த்தை, அதை அழிக்க முடியாது. மூன்றாவது தடவை, கடைசியாக, வாரேன் என்று பாடுவேன். அதைத்தான் இந்த வீட்டில் சொல்லிவிட்டுப் போவேன். வேண்டாம் என்றால் வருத்தமில்லை.

அக்கா முறத்தில் இருந்த அரிசியைத் தள்ளித் தள்ளிக் கல் பார்த்தார். பிறகு கேட்டார்:

“கடேசியா அதுதான நிக்கும்?”

அதுதான் நிற்கும் என்றேன்.

“அப்பச் சரி. பக்கத்து வீட்ல தறி சாப்பாட்டுக்கு நிப்பாட்டுவாக. அப்ப வச்சுக்கங்க.”

தறி நின்றது. மிஷேல் ஜன்னலுக்குப் போர்வை கட்டினார். சமுக்காளத்தை விரித்தார். அழகர் தெருக்கதவில் நின்று சைக்கிள் மணிகளை முறைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அடுப்பில் குக்கர் இருக்கிறதா என்று கவலை. அக்காவிடம் சைகையில் கேட்டேன், இறக்கிவிட்டேன் என்று சைகையில் சொன்னார். சுப்புராமன் துருத்தியைத் திறந்தார்.

பாட்டைப் பற்றி எழுதுகிற அறிவு எனக்கு இல்லை. மதாம் குரல் அன்றைக்கு இளமையாக மாறிவிட்டது என்று சொன்னால் பொய். கரகரப்பு இருந்தது, நடுங்கியது. நீண்ட நாள் பூட்டிவைத்த வீட்டில் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துகொண்டு போவது போல இருந்தது. முதல் ‘போகிறேன்’. சாரதா அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது. சுப்புராமன் கண்ணைத் தூக்கவில்லை. மூன்றாவதற்கு முன்னால் மதாம் மூச்சிழுத்தது எனக்குக் கேட்டது.

“வா…”

நீண்டது. நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்து, பயத்தில் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். குரல் மெலிந்து, மெலிந்து, எங்கே நின்றது என்று தெரியவில்லை. அக்கார்டியன் அதை ஏந்திக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. மிச்ச ‘ரேன்’ பேச்சுக்குரலில், சின்னதாக வந்து உட்கார்ந்தது. பெட்டியும் அடங்கியது.

அந்த அமைதியில், அடுக்களை வாசலில் இருந்து, சாரதா அக்கா சொன்னார்:

“வாங்க.”

சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. வாரேன் என்று ஒருவர் சொன்னால் வாய் தானாகச் சொல்லிவிடும். சொன்ன பிறகுதான் டேப் ஓடுவது நினைவுக்கு வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மிஷேல் தலையில் கை வைத்தார். இன்னொரு தடவை எடுக்கலாம் என்று விரலைக் காட்டினார். மதாம் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்து அந்த இடத்தை மட்டும் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு ஹெட்போனைச் சாரதா அக்காவின் காதில் வைத்தார்.

“ஐயோ, என் குரலா இது? பால்காரனக் கூப்பிட்ட மாதிரில்ல இருக்கு” என்றார் அக்கா.

இது இப்படியே இருக்கட்டும் என்றார் மதாம். பக்கத்து வீட்டில் தறி ஓட ஆரம்பித்துவிட்டது. வேறு வழியும் இல்லை.

சம்பளம் கொடுக்கிற பேச்சு வந்தது. சுப்புராமன் கச்சேரிக்கு வாங்குகிற தொகையே போதும் என்று ஐந்நூற்றியொரு ரூபாய் பேசியிருந்தார். மதாம் தாம்பாளத்தில் வைத்து நீட்டினார். அவர் நானூறை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அப்படியே தாம்பாளத்தில் விட்டுவிட்டார். நான் பதறிப்போய், குறைத்துக்கொண்டாரா, கோபமா என்று அக்காவைப் பார்த்தேன்.

“கணக்கு தீந்துட்டா வரத்துப்போக்கு நின்னுரும் தம்பி. வந்து குடுக்கச் சொல்லுங்க.”

மொழிபெயர்த்தேன். மதாம் அந்த நோட்டுகளை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். வாசலில் நின்று அவர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். இவர்கள் சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள்.

பாரிஸில் கம்பெனிக்காரர்கள் கடைசியில் யாரோ என்னவோ சொல்கிறார்களே, வெட்டிவிடலாம் என்றார்கள். வெட்டினால் பன்னிரண்டு பாட்டும் கிடையாது என்றார் மதாம். ரிக்கார்டு வந்தது. பெரிதாக விற்றது என்று சொல்ல முடியாது. வாங்கினவர்கள் அந்தக் கடைசிச் சொல்லை ஏதோ பறவை என்று நினைக்கிறார்கள், ஒரு கிழவர் கதவுக் கீல் சத்தம் என்றார். பழங்காநத்தத்துக்கு இரண்டு பிரதி அனுப்பினோம். அங்கே ரிக்கார்டு பிளேயர் இல்லை. அழகர் கல்யாண வீட்டு ஒலிபெருக்கிக்காரர் ஒருவரிடம் கொண்டுபோய், நாலு குழாயில் தெருவுக்கே போட்டுக் காட்டியதாகத் தகவல்.

இதை எழுதுகிறபோது மதாம் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். படி ஏறக் கூடாது, விமானம் கூடவே கூடாது என்கிறார் டாக்டர். நான் போன வாரம் மெல்ல, மதுரைக்கு அந்தப் பாக்கியை மணியார்டரில் அனுப்பிவிடட்டுமா, மனசு உறுத்துகிறது என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கைப்பையை எடுக்கச் சொல்லி, உள்ளே நோட்டுகள் இருக்கின்றனவா என்று பார்த்து, தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

சுப்புராமனுக்கு மதாம் தர வேண்டியது இன்னும் நூற்றியொரு ரூபாய்.